டப்பாவை உள்ள வை, நோட்டை வெளிய எடு

உக்காருங்கப்பா. திண்ணை சின்னது, ஆறு பேருக்கு மேல தாங்காது. ஏழாவது ஆளு அந்தத் தென்னமட்டை மேல குந்திக்க. என்னத்தா அது, ஃபிளாஸ்கா? டீயும் கொண்டாந்து, கீரை வடையும் கொண்டாந்து, அதுக்கப்புறம் யோசனை கேக்குற பிள்ளைக இந்தப் போர்ட் பிளேயர்ல... சரி சரி, ஸ்ரீ விஜய புரத்துல. 2024ல பேரு மாத்தினது எனக்குத் தெரியும், என் நாக்குக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல. வடையை இப்படித் தள்ளு.

சங்கதியை பேத்தி நேத்தே சொல்லிட்டா. கூடப் படிக்கிற பையனுக்கு முடியல, மெயின்லேண்டுக்கு எழுதிக் குடுத்துட்டாக. வைத்தியம் ஒரு பக்கம். ஆத்தாளும் அப்பனும் சென்னையில மாசக்கணக்குல கிடக்கணும். வாடகை, சோறு, ஆட்டோ. தீவுக்காரனுக்கு நோய் வந்தா கடலையும் சேத்துல்ல தாண்ட வேண்டியிருக்கு! அதுக்காகக் காசு சேக்கப் போறீக. மகராசனாச் செய்யுங்க. ஆனா அதுக்கு நீங்க போட்ட பட்டியலை இவ வாசிக்க வாசிக்க, சிரிச்சு எனக்குப் பல்செட்டு கழண்டு விழுந்துருச்சு.

முதல் யோசனை, கார் கழுவுறது. எந்த அமெரிக்கச் சினிமாவுலப்பா பாத்தீக? மாசம் மார்ச்சு. தனிக்காரி அணையில தவளை நடந்து போகுது. குழாயில எந்த நாள் தண்ணி வரும்னு காலண்டர்ல குறிச்சு வச்சு, வீட்டுல இருக்குற குண்டா சட்டியெல்லாம் வாசல்ல நிறுத்துற ஊரு இது. இங்க நீ பக்கெட்டும் கையுமாப் போயி, "அண்ணே, ஜீப்பைக் கழுவட்டா?"ன்னு கேட்டா, ஜீப்பை விட்டுட்டு பக்கெட்டைத்தான் புடுங்குவாக. மழைக்காலத்துல கழுவலாமேங்குறியா? அப்ப மேல இருக்குறவன் எட்டு மாசம் சும்மா கழுவித் தர்றான், உனக்கு எதுக்குக் காசு?

ரெண்டாவது, தலையில ஐஸ் தண்ணிய ஊத்திக்கிட்டுப் படம் புடிக்கிறது. அது 2014ல அமெரிக்காவுல ஓஹோன்னு போச்சு, வாஸ்தவம். நரம்பு நோய் ஒண்ணுக்காக அந்த ஒரு கோடையில மட்டும் 11 கோடி டாலருக்கு மேல சேந்துச்சாம். அதே வருஷம் ஹைதராபாத்துல ஒரு பத்திரிகைக்கார அம்மா என்ன செஞ்சாக தெரியுமா? தண்ணிய ஏன்டா கொட்டுறீக, ஒரு பக்கெட் அரிசியைக் கொண்டுபோயி இல்லாதவுகளுக்குக் குடுத்துட்டுப் படம் போடுங்கன்னாக. பக்கெட்டு அதேதான், உள்ள இருந்த சரக்கு மட்டும் ஊருக்குத் தக்கன மாறுச்சு. அந்த அம்மாவுக்கு இருந்த புத்தி உங்க ஏழு பேருக்கும் சேந்து இருந்தா, இந்தத் தென்னமட்டை மேல ஒருத்தன் குந்திருக்க வேண்டியதில்ல.

மூணாவது யோசனையை வாசிச்சப்போ எனக்குச் சிரிப்பு நின்னு வேர்வை வந்துருச்சு. கரையில கிடக்குற பவளத்தையும் சங்கையும் பொறுக்கிப் பொம்மை செஞ்சு டூரிஸ்ட்டுக்கு விக்கிறது! ராசா, பவளப்பாறையை 2001லயே வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்குற அட்டவணையில கொண்டுபோய்ச் சேத்துட்டாக. செத்த பவளத்தைப் பையில வச்சிருந்தாலும் ஏர்போர்ட்டுல மிஷின் கூவும். அப்புறம் கூட்டாளிக்கு ஒரு நிதி, உங்களை ஜாமீன்ல எடுக்க ஒரு நிதின்னு ரெண்டு நிதி திரட்டணும். ஜாரவா ஆளுகளோட படம் போட்டுக் காலண்டர் அடிக்கிறதாவும் ஒரு வரி இருந்துச்சு. அதை எழுதுனது யாருன்னு நான் கேக்கல. 1956லயே அவுகளைக் காக்கச் சட்டம் வந்தாச்சு. அந்தத் தாளைக் கிழிச்சு அடுப்புல போட்டாச்சு. போ.

ஹேவ்லாக்ல வெள்ளைக்காரன்கிட்ட உண்டியல் நீட்டுறதும் வேணாம். ஹேவ்லாக் இல்ல, ஸ்வராஜ் தீவு, தெரியும்டி. வெளிநாட்டுக்காரன் நம்ம ரூபா நோட்டாவே நன்கொடை குடுத்தாலும் அது வெளிநாட்டுக் காசுதான். அதை வாங்க 2010 சட்டப்படி டெல்லியில பதிவு வேணும். குலுக்கல் சீட்டும் அப்படித்தான். தமிழ்நாட்டுல 2003ல லாட்டரியை ஒழிச்சது உங்களுக்கு வயசுக்கு முந்தின கதை. இங்கயும் அனுமதி இல்லாம பத்து ரூபாச் சீட்டு, முதல் பரிசு மிக்ஸின்னு ஆரம்பிச்சா, மிக்ஸிக்கு முன்னாடி போலீஸ்காரரு வந்துருவாரு.

மிச்சம் இருந்தது கியூ.ஆர். சோகப் பாட்டு போட்டு, பையன் படுத்திருக்குற படம் போட்டு, அடியில கட்டம் கட்டமா ஒரு முத்திரை. சென்னையிலேருந்து கடலுக்கடியில 2,300 கிலோமீட்டர் கேபிள் இழுத்து 2020 ஆகஸ்ட்ல திறந்தாக. அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ திறக்குறதுக்குள்ள நான் தேங்கா துருவி முடிச்சிருவேன். இப்ப நிமிஷத்துல வருது. நிமிஷத்துல வந்தது நிமிஷத்துலயே போயிரும். கட்டை விரலால ஒரு தள்ளு, பையன் போயிட்டான், அடுத்து ஒரு பூனை வந்துருச்சு. நேர்ல டப்பாவை நீட்டினா, மனுசன் வெக்கத்துக்காவது அஞ்சு ரூபா போடுவான். போன்ல வெக்கமும் இல்ல பாரு.

இந்தா, இன்னொரு கிளாஸ் ஊத்து. சர்க்கரை தூக்கல்தான், பரவாயில்ல.

நான் துறைமுகத்துல கலாசியா முப்பத்திநாலு வருஷம் கயிறு இழுத்தவன். காசு எப்படிக் கை மாறுதுன்னு காலேஜுல சொல்லித் தரமாட்டாக, ஜெட்டியில சொல்லித் தருவாக. மனுசன் இரக்கத்துல போடுறது சில்லறை. பேரு வரும்னா போடுறது நோட்டு. "நான் இவ்வளவு குடுத்தேன்"னு நாலு பேரு காதுல விழணும். விழுந்தாத்தான் பாக்கெட்டுல இருக்குற ஊக்கு கழறும். நீங்க டப்பாவை நீட்டுறீக. டப்பாவுக்குக் காது உண்டா, வாய் உண்டா? ஆயிரம் போட்டவனும் அஞ்சு போட்டவனும் அதுக்கு ஒண்ணுதான். அப்புறம் எவன்டா ஆயிரம் போடுவான்?

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பொறந்தா ஒருதரம் போய்ப் பாருங்க. பந்தல் போட்டு, ஆட்டுக்கறி ஆக்கி, வாசல்ல மேசை போட்டு ரெண்டு பேரு நோட்டோட உக்காந்திருப்பாக. கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. மொய்க்காகவே ஒரு விருந்து. எந்திரிச்சவன் கை கழுவுன ஈரம் காயுறதுக்குள்ள மேசைக்கு வந்து பேரு, ஊரு, தொகை சொல்லணும். பின்னாடி வரிசையில நிக்கிறவன் காது கொடுத்துக் கேப்பான். மாமன் ரெண்டாயிரம் எழுதுனா மச்சான் ஆயிரத்தோட நிப்பானா? லட்சத்துல ஆரம்பிச்சது இப்பக் கோடியில போய் நிக்கிது. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சி அந்த நோட்டுதான். நாளைக்கு அவுக வீட்டுல விருந்துன்னா, எழுதுனதைத் திருப்பிச் செய்யணும், மேல கொஞ்சம் சேத்தும் வைக்கணும். புதுக்கோட்டைச் சீமையில ஒரு டீக்கடைக்காரர் இதை அப்படியே பொதுக்காரியத்துக்குத் திருப்பினாரு. டீயைக் குடி, மொய்யை எழுது, பணம் நிவாரணத்துக்கு. டீக்கடைக்காரருக்குத் தோணுனது டிகிரி படிக்கிறவுகளுக்குத் தோணல.

அதையே இங்க கொண்டு வாங்க. நம்ம தீவுல என்ன குறைச்சல்? ஒரே தெருவுல பெங்காலி, தெலுங்கன், மலையாளி, ராஞ்சிக்காரன், நம்மாளு. ஒரு நாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு பந்தல். பெங்காலி வீட்டு மீனு ஒரு பக்கம், நம்ம வீட்டுக் கறிக்குழம்பு ஒரு பக்கம், மலையாளி புட்டும் கடலையும் ஒரு பக்கம். சமைக்கிற வீடு சமையலைத் தரும், நீங்க பரிமாறுங்க. விலைன்னு எதையும் எழுதிப் போடாதீக. அறுபது ரூபான்னு எழுதுனா அறுபதுதான் வரும், எழுதலைன்னா கௌரவம் எவ்வளவோ அவ்வளவு வரும். வாசல்ல நோட்டு. நோட்டுக்குப் பக்கத்துல மைக்கு. இதுதான் முக்கியம். அரைமணிக்கு ஒருதரம், நல்ல குரல் உள்ள பிள்ளை ஒண்ணு கண்ணீர் இல்லாம, ஸ்கோர் சொல்ற மாதிரிச் சொல்லணும்: "இதுவரைக்கும் தமிழ்ச் சனம் இவ்வளவு, தெலுங்குச் சனம் இவ்வளவு, மலையாளிச் சனம் பின்தங்கி இருக்காக." அவ்வளவுதான். எந்தச் சங்கத் தலைவரும் அன்னைக்கு மூணாவது இடத்தோட வீட்டுக்குப் போகமாட்டாரு. பொஞ்சாதிகிட்ட என்ன முகத்தைக் காட்டுவாரு?

தலைவர்னதும் மாலை ஞாபகம் வருது. எந்தக் கூட்டத்துலயும் மாலை போடுவீக, அவரு அதைக் கழட்டி மேசை மேல வைப்பாரு, ராத்திரி ஆடு திங்கும். அது பாவம். சென்னையிலேருந்து பூ இங்க வந்து இறங்குறதுக்குள்ள அதோட விலை நம்மளை விட ஒசரமாயிருது. நேதாஜி இங்க ஜிம்கானா மைதானத்துல கொடி ஏத்துனது 1943 டிசம்பர் 30. அது உங்க பாடத்துல இருக்கும். பாடத்துல இல்லாததைச் சொல்றேன். அவரு சிங்கப்பூரு, ரங்கூனு பக்கம் கூட்டத்துக்குப் போனா, தனக்குப் போட்ட மாலையை அங்கேயே ஏலத்துல விட்டாரு. ராணுவத்துக்குக் காசு வேணும்ல? பூவு வாடுறதுக்குள்ள ஆளுக்கு ஆளு ஏத்திவிட்டு, பெரிய பெரிய தொகைக்குப் போகுமாம். ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுன நம்ம சனமும் நகையைக் கழட்டிக் குடுத்துச்சு. யோசிச்சுப் பாருங்க, வாங்குனவனுக்குப் பூவா முக்கியம்? நாலு தலைமுறைக்குச் சொல்லிக்கலாம்ல. நீங்க யாரையாச்சும் கூப்பிட்டு மாலை போட்டா, அடுத்த நிமிஷம் ஏலத்தைத் தொடங்குங்க. தலைவரே முதல் கேள்வி கேக்கணும். தன் கழுத்து மாலை நூறு ரூபாய்க்குப் போறதை எந்தத் தலைவரும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கமாட்டாரு, கவலைப்படாதீக.

பெரிய மனுசங்க போகட்டும். சின்ன மனுசன் காசை வாங்குறதுதான் வித்தை. வ.உ.சி. கப்பல் கம்பெனி ஆரம்பிச்சது 1906ல. பத்து லட்சம் மூலதனம். பத்துப் பணக்காரன்கிட்ட ஆளுக்கு ஒரு லட்சம்னு போகல. பங்கு 25 ரூபா, பங்கு 40,000. ஊர் ஊராப் போயி வித்தாரு. அதுல ஒரு பங்கு வாங்குனவனுக்கும் "என் கப்பல்"னு சொல்ல வாய் வந்துச்சு, அதுதான் வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கல. அந்த மனுசனுக்குப் போட்ட தண்டனையைப் பாத்தா நம்ம ஊருக்கே வந்து சேந்திருக்கணும். கோயம்புத்தூர், கண்ணனூர் சிறையோட நிறுத்திட்டாக. வந்திருந்தா செல்லுலார் ஜெயில்லயும் ஒரு பங்கு வித்திருப்பாரு. கன்னியாகுமரிப் பாறையில விவேகானந்தர் மண்டபம் 1970ல எந்திரிச்சதும் இப்படித்தான், தலைக்கு ஒரு ரூபான்னு சுமார் முப்பது லட்சம் பேருகிட்ட வாங்கினாக. கனடாவுல டெர்ரி ஃபாக்ஸ்னு ஒரு காலேஜ் பையன், புத்துநோயில ஒரு காலு போனவன், 1980ல கட்டைக்காலோட 143 நாளு ஓடினான். 5,373 கிலோமீட்டர். அவன் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர். நாடு முழுக்க எத்தனை தலையோ அத்தனை டாலர், ரெண்டு கோடியே நாப்பது லட்சத்துக்கு மேல, அடுத்த பிப்ரவரிக்குள்ள வந்துருச்சு. அவன் அந்த ஜூன்ல போய்ச் சேந்துட்டான்.

(டீ ஆறிப் போச்சு. பரவாயில்ல, குடு.)

நம்ம தீவுல 2011 கணக்குப்படி 3,80,581 தலை. தலைக்கு ஒரு ரூபா. பெருக்கிப் பாக்க கால்குலேட்டர எதுக்குடா எடுக்குற? ஒண்ணால பெருக்கணும்!

ஓட வேணாம். உங்கள்ல ஒருத்தனும் ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குறீக. பென்சில்வேனியாவுல காலேஜ் பிள்ளைக 46 மணி நேரம் உக்காராம, தூங்காம ஆடுறாகளாம், பச்சப்பிள்ளைகளோட புத்துநோய் வைத்தியத்துக்கு. 1973ல தொடங்குன பழக்கம். அதைக் கேட்டப்போ எனக்கு நம்ம கப்பல்தான் ஞாபகம் வந்துச்சு. சென்னைக்கு அறுபது மணி நேரம். நான்கௌரி கப்பலோ ஸ்வராஜ் த்வீப் கப்பலோ, பங்க் கிளாஸ்ல நூத்துக்கணக்குல சனம். டிவி இல்ல, சிக்னல் இல்ல, ஓடிப் போகவும் வழி இல்ல. இப்படி ஒரு கூட்டம் உலகத்துல வேற எங்கடா கிடைக்கும்? லீவுக்குப் போறப்ப கேப்டன்கிட்ட முறையா எழுதிக் குடுத்து அனுமதி வாங்குங்க. ரெண்டாம் நாளு சாயங்காலம், முதல் நாள் வாந்தி எடுத்தவுக எந்திரிச்சு உக்காந்த நேரமாப் பாத்து, ஒரு பட்டிமன்றம் போடுங்க. "சீக்கிரம் சேர்றது ஃபிளைட்டா, நிம்மதியாச் சேர்றது கப்பலா?" தமிழ் பாதி, ஹிந்தி பாதி. முடியுறப்போ நோட்டு சுத்தி வரட்டும். பக்கத்து பங்க்குல படுத்திருக்குறவன் ஐம்பது எழுதுறதைப் பாத்தவன், இன்னும் ஒரு முழு நாள் அவன் முகத்துல முழிக்கணும்ல.

திரும்பி வாறப்போ வெறுங்கையோட வராதீக. ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேணாம், கப்பல்ல புளிச்சுரும். கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, இதெல்லாம் கடல் காத்துக்கு அசையாது. இங்க அபர்தீன் பஜார்ல விக்க வேணாம். நேரா மலைக்கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்கு வர்ற கூட்டத்துல, சொந்த ஊரை நினைச்சுக் கண்ணு கலங்குற கிழடுகளாப் பாத்து நீட்டுங்க. என்னை மாதிரி. விலை கேக்காம வாங்குவோம்.

ஹாஸ்டல்ல ஒரு வேளைச் சோத்தை விட்டுக் குடுத்து அந்தக் காசை நிதிக்குத் தர்றதாவும் எழுதியிருந்தீக. நல்ல யோசனை, பழைய யோசனையும்கூட. விருதுநகர்ல 1889ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம், சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு உலையில போடுறதுக்கு முன்னாடி எடுத்து வச்ச பிடி அரிசியிலதான் ஓடுச்சு. காமராஜர் அதுலதான் படிச்சாரு. ஆனா எந்த வேளையை விடப் போறீகன்னு பாத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி. ஏன்டா, அன்னைக்குத்தானே புடலங்காக் கூட்டு? எவனும் திங்காத சோத்தை விட்டுக் குடுக்குறதுக்குப் பேரு தியாகமாடா? நாயித்துக்கிழமை கோழியை விடுங்க, அப்ப நம்புறேன்.

இப்ப ஒண்ணு சிரிக்காமச் சொல்றேன். எனக்கு உங்க வயசு இருந்தப்போ ஒரு வாலிபர் சங்கத்துல நாங்க நாடகம் போட்டோம், தீப்பிடிச்ச வீட்டுக்காரனுக்கு உதவி. வசூலு 1,140 ரூபா. ஊரே மெச்சுச்சு. அப்புறம் கணக்குப் பாத்தா ஜமக்காளம், லைட்டு, ஒப்பனை, ஹார்மோனியக்காரர் ஒருத்தருக்குக் கப்பல் டிக்கெட்டு, எல்லாம் சேத்து செலவு 1,310. வீடு எரிஞ்சவன்கிட்ட போயி நூத்தியெழுபது ரூபா கடன் கேக்குற நிலைமை. அதுல ராஜா வேசம் கட்டுனவன் நான்தான், அந்தக் கிரீடம் மட்டும் நாப்பது ரூபா. அதனால டி-ஷர்ட்டு அடிக்காதீக. பேனர் அடிக்காதீக. ரசீதுப் புத்தகத்துல நம்பர் போடுங்க. பாங்குக் கணக்கு ரெண்டு பேர் கையெழுத்துல இருக்கட்டும், அந்த ரெண்டு பேரும் காதலிக்கிறவுகளா இருக்கக் கூடாது. சண்டை வந்தா செக்கு நின்னு போகும். சாமானா எதையும் வாங்காதீக. சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்து ரோட்டோரத்துல பழைய துணி மூட்டை மூட்டையாக் கிடந்து மழையில நனைஞ்சதை நாடே பாத்துச்சு. குடுத்தவன் வீட்டு அலமாரி சுத்தமாச்சு, வாங்க வேண்டியவன் திரும்பிக்கூடப் பாக்கல.

மொய்க்குத் திருப்பிச் செய்யணும்னு சொன்னேன்ல? இதுக்கும் உண்டு. எழுதுன ஒவ்வொரு பேருக்கும் மூணு மாசத்துல ஒரு சீட்டுப் போகணும். இன்ன தேதியில இவ்வளவு வந்துச்சு, இன்னதுக்கு இவ்வளவு போச்சு, பையன் இன்னைக்கு இட்லி ரெண்டு தின்னான். அந்த இட்லியைக் கண்டிப்பா எழுதணும். அடுத்த தடவை நோட்டைத் திறக்குறப்போ, அந்த இட்லிதான் பேசும்.

எதையும் சும்மா குடுக்காதீக, சும்மாவும் வாங்காதீக. சரி, பொழுது சாயுது, சீக்கிரமே இருட்டுற ஊரு. கிளம்புங்க.

என்னத்தா, நீ இன்னும் நிக்கிற? ரங்கத்துப் பிள்ளைதானே நீ? வந்ததுலேருந்து வாயே திறக்காம அந்த நோட்டுலயே எழுதிக்கிட்டு இருந்த. நான் சொன்னதை எல்லாம் எழுதிட்டியா? காட்டு, கண்ணாடியை எடு.

"டீ 4. கீரை வடை 6."

அப்புறம்?

"தொகை நீங்கதான் தாத்தா சொல்லணும். விலை எழுதிப் போடக் கூடாதுன்னீங்க."

அடி இவளே! அது வீட்டுக்கு வந்த பிள்ளைக கொண்டாந்த பலகாரம்டி.

"சரி தாத்தா. அப்ப வெறும் டீ, வடைன்னு மட்டும் வாசிச்சுரட்டுமா? கோயில்ல மைக்கு கட்டியாச்சு. மூணாம் வீட்டுத் தாத்தா காலையிலயே ஐந்நூறு எழுதிட்டாரு."

யாரு, அந்தக் கஞ்சனா? ஐந்நூறா? இரு. ஏ பேத்தி, உள்ள போயி அந்த அரிசிப் பானைக்கு அடியில கையை விடு. அந்தச் சின்னப் பை இல்ல. பெருசு.